வீட்டில் மொழிப்பாடம்: இத்தனை வருடத்தில் எது நிலைத்தது

மகள் தரம் மூன்றில் படிக்கும்போது வீட்டில் மொழிப்பாடம் ஆரம்பித்தோம். இப்போது அவள் தரம் ஒன்பது, தம்பி தரம் ஐந்து. இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால் இருவரும் பண்டாரவளையில் பாடசாலைக்குப் போகிறார்கள். வாசிப்பையும் எழுத்தையும் மட்டும், கிறிஸ்தவ வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பல கையாளும் முறையில், மாலையில் நாங்களே நடத்துகிறோம்.

முறை சார்லட் மேசன் (1842–1923) என்ற ஆங்கிலேயக் கல்வியாளருடையது. நல்ல புத்தகத்தில் ஒரு பகுதியை ஒரே தடவை வாசிக்க வேண்டும். பிள்ளை அதைத் தன் சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும். அப்புறம் பார்த்தெழுதல், சொல்வதெழுதல். பயிற்சித்தாள் இல்லை, கோடிட்ட இடம் நிரப்புவதும் இல்லை.

திரும்பச் சொல்வதுதான் இதில் உயிர். மகனுக்கு ஆறு வயதில், வேதாகமத்தில் வயலில் கதிர் பொறுக்கப் போகும் ஏழை விதவை ரூத்தின் சரித்திரத்தை வாசித்தேன். நாலே அதிகாரம். "அறுக்கிறவங்களுக்கு மேல ஒரு கங்காணி இருந்தாரு. போவாஸ் ஐயா அவருகிட்ட, இது யார் வீட்டுப் பிள்ளைன்னு கேட்டாரு" என்று ஆரம்பித்தான். கொழுந்து பறித்தே வாழ்ந்த அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து, "பிறகு என்னடா நடந்துச்சு?" என்று இழுத்துக்கொண்டே போனார். வயல்காரர் போவாஸ், ரூத் பொறுக்கட்டும் என்று கதிர்களில் சிலதை வேண்டுமென்றே கீழே விடச் சொன்ன இடம் வந்ததும், "கையில குடுத்தா ரூத்துக்கு வெக்கமா இருக்கும், அதான்" என்றான். அந்தக் காரணம் வேதத்தில் எழுதப்படவில்லை. அவனாகவே கண்டுகொண்டான். எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதை அவனிடமிருந்து வாங்கியிருக்காது.

சொல்வதெழுதலுக்கு வேதாகமத்துப் பாடல்களான சங்கீதங்களை எடுத்தோம். 23ஆம் சங்கீதத்தில் மகள் முதலில் 'மேய்பர்' என்றும் 'தாள்ச்சி' என்றும் எழுதினாள். முந்தின நாள் அதே வசனத்தைப் பார்த்தெழுத வைத்து, கடினமான சொற்களைக் கண்ணை மூடி மனதில் பார்க்கச் சொன்னதும் அந்தப் பிழைகள் மெல்ல மெல்லக் குறைந்தன. வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் நீளமான வாக்கியங்கள் இருவருடைய காதிலும் ஏறிவிட்டன. கட்டுரை எழுதும்போது அந்த ஓட்டம் வருகிறது.

ஆனால் இலக்கணம் இதனால் மட்டும் வராது. புணர்ச்சிக்கும் வேற்றுமைக்கும் பாடசாலைத் தமிழ்ப் புத்தகத்தையே வைத்திருக்கிறோம். தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சை ஆண்டில் பிள்ளைக்கு மூச்சுவிட நேரமில்லை. இந்த வருடம் மகனுக்குப் பார்த்தெழுதல் மட்டும்தான். வெளிநாட்டு ஆங்கிலப் பாடத்தொகுப்பு ஒன்றும் வாங்கிப் பார்த்தோம். விலை அதிகம், தமிழுக்கு அதில் வேலையே இல்லை. ஆங்கிலம் படிக்க உதவியது, சரி. வேறு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

புத்தகம் தெரிவுசெய்வதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. நல்ல புத்தகம் என்றால் பாவமே இல்லாத கதை என்று சபையில் பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால், இன்னொருவன் மனைவியை எடுத்து அவனைச் சாகவைத்த தாவீது ராஜாவின் கதையை வாசிக்கவே முடியாது. தீர்க்கதரிசி நாத்தான், பணக்காரன் பறித்துக்கொண்ட ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி ராஜாவை நேருக்குநேர் நிறுத்துகிறாரே, தீமை தீமையாகத் தெரிகிறது. நான் பார்ப்பது அதைத்தான்: பொய்யும் பழிவாங்கலும் கெட்டித்தனமாகக் காட்டப்படுகிறதா? அப்படியானால் வேண்டாம். கடைசிப் பக்கத்தில் நல்ல பிள்ளைக்குப் பரிசு கிடைக்கும் ஞாயிறு பாடசாலைச் சிறுகதைகளையும் நான் அதிகம் தருவதில்லை. மொழி சப்பென்று இருக்கிறது, பிள்ளைகளும் திரும்பச் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் முழிக்கிறார்கள். எதையும் நான் முதலில் வாசித்த பிறகே கொடுப்பேன்.

மோட்சத்தை நோக்கிப் போகும் ஒரு யாத்திரிகனைப் பற்றி 1678இல் ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர் எழுதிய உருவகக் கதையின் தமிழாக்கமான மோட்சப் பிரயாணம் எங்கள் வீட்டில் நன்றாகப் போனது. சந்தேகக் கோட்டையும் அதன் இராட்சதனும் வரும் இடம் எட்டு வயதுக்குக் கீழே கொஞ்சம் பயமுறுத்தும், பகலில் வாசியுங்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் சிறுகதைகளில் சிலதைத் தயங்காமல் கொடுக்கலாம். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வாழ்க்கையை அதன் அவமானத்தோடும் அன்போடும் எழுதியவர். கிறிஸ்தவப் பிள்ளை தன் அயலானை நேசிக்க அவனை முதலில் தெரிந்திருக்க வேண்டாமா?

இனி மகளுக்கு எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் தொடங்குகிறோம். 1894இல் வந்த காப்பியம், பனியனின் கதையைத் தழுவியது. கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் செய்யுள் அவளை மிரட்டாது என்று நினைக்கிறேன். வாரத்துக்கு நாலைந்து பாட்டு போதும்; பொருள் பிரித்துப் பார்த்துவிட்டு, பிடித்த ஒன்றைக் கொப்பியில் எழுதச் சொல்வேன்.