பந்தயச் சொற்களும் பிரிட்டிஷ் குறுக்கெழுத்தும்: நெடுநாள் பழகியதில் சில குறிப்புகள்

பிரிட்டிஷ் நாளிதழ்களின் கிரிப்டிக் குறுக்கெழுத்துகளோடு, அதாவது குறிப்பு ஒன்றைச் சொல்வதுபோல் காட்டி வார்த்தை விளையாட்டில் விடையை ஒளித்துவைக்கும் ஆங்கிலப் புதிர்களோடு, பல ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறேன். குதிரைப் பந்தயத்தில் ஒரு பைசா கட்டியதில்லை. ஆனாலும் லண்டன் பந்தயக் கடையின் பரிபாஷை பாதி மனப்பாடம். புதிர் அமைப்பவர்களுக்கு அந்தச் சொற்கள் மீது அப்படியொரு மோகம்.

குறிப்பில் ‘பெட்டர்’ என்று கண்டால், மேலானது என்ற பொருளை ஓரம்கட்டிவிட்டு, பெட் கட்டும் ஆள் என்று படித்துப் பாருங்கள். விடை பன்ட்டராக இருக்கக்கூடும். கேம்பிரிட்ஜில் நீளக் கழியை ஊன்றிப் படகு தள்ளுபவரும் பன்ட்டர்தான் என்பதால், கேம் நதியில் மிதக்கும் ‘பெட்டர்’ யார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

‘ஆட்ஸ்’ (ஜெயித்தால் எத்தனை மடங்கு கிடைக்கும் என்ற பந்தய விலை) என்று வந்தால் எஸ்பி என்ற இரண்டெழுத்தைச் சந்தேகப்படுவேன். ஓட்டம் தொடங்கும்போது நிலவும் விலையான ‘ஸ்டார்ட்டிங் பிரைஸ்’ என்பதன் சுருக்கம் அது. நானே கட்டிய குறிப்பு ஒன்று: ‘ஆட்ஸ் அட் ஹோம் ஃபார் டைப் ஆஃப் பவுலிங்’, நான்கெழுத்து. ஆட்ஸுக்கு எஸ்பி, வீட்டில் இருப்பதற்கு ‘இன்’, சேர்த்தால் ஸ்பின். வீட்டிலிருந்தே பந்தயம் கட்டுவதுபோல் ஒரு காட்சி விரிகிறதே, அது வெறும் கண்கட்டு.

பந்தயக் கடைப் பேச்சில் போனி என்றால் 25 பவுண்டு, மங்கி என்றால் 500. இவற்றை நெட்டுருப் போடுவதைத் தவிர வழியில்லை. ‘ஹைன்ஸ்’ என்ற கூட்டுப் பந்தயம் அப்படியல்ல, கணக்குப் போட்டால் பிடிபடும். ஆறு குதிரைகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 15 பந்தயம், மும்மூன்றாக 20, நந்நான்காக 15, ஐந்தைந்தாக 6, ஆறும் சேர 1, ஆக 57. ஹைன்ஸ் கெட்சப் நிறுவனத்தின் ‘57 வகை’ விளம்பரம்தான் பெயருக்குக் காரணம்.

கைக்கு உதவியாக சேம்பர்ஸ் அகராதி போதும். கார்டியன் இணையதளத்தில் எழுத்தைச் சரிபார்க்கும் பொத்தான் இருப்பதால் பழகுபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். விடை தேடித் தரும் செயலி ஒன்றையும் சில காலம் வைத்திருந்தேன். ‘நேப்’ என்றால் அதற்குக் குட்டித் தூக்கம் மட்டுமே தெரியும். பந்தய நிபுணர் அன்றைக்கு உறுதியாக ஜெயிக்கும் என்று சொல்லும் குதிரை தெரியாது. நீக்கிவிட்டேன்.

இத்தனை பழகியும் ‘லே’ மட்டும் வசப்படவில்லை. முட்டையிடுவது, பழங்காலப் பாட்டு, மதகுரு அல்லாதவர் எல்லாம் அதில் அடக்கம். பந்தயம் கட்டுவதும் ‘லே’, இணையப் பந்தயச் சந்தையில் ஒரு குதிரை தோற்கும் என்று எதிர்த்துக் கட்டுவதும் ‘லே’. மூன்றே எழுத்து, பெரும்பாலும் குறுக்கே வெட்டும் விடைகள் விழுந்த பிறகே நிரப்புகிறேன்.