கொடிவேரி முதல் காலிங்கராயன் வரை: ஒரு நாள் மரபு நடை

ஈரோட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தப்படும் மரபு நடை ஒன்றில் சென்ற மாதம் என் மகளுடன் கலந்துகொண்டேன். பவானி ஆற்றின் குறுக்கே நம் முன்னோர் கட்டிய கொடிவேரி, காலிங்கராயன் அணைக்கட்டுகள் இரண்டையும் ஒரே நாளில் காட்டுகிறார்கள். வேன், காலைச் சிற்றுண்டி, மதிய உணவு எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம். உணவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கொடிவேரிக்கு நாம் பெரும்பாலும் குளிக்கவும் மீன் வறுவல் சாப்பிடவும்தான் போகிறோம். எங்கள் வழிகாட்டியோ, கூட்டம் சேரும் முன்பே எங்களைக் கற்களின் அருகில் அமர வைத்துவிட்டார். 1125-இல் கொங்காள்வான் கட்டியதாகச் சொல்லப்படும் இவ்வணையில், கற்களை இரும்புக் கம்பிகளால் பிணைத்து, இடைவெளியில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஈயம் குறைந்த சூட்டிலேயே உருகி இண்டு இடுக்கெல்லாம் நிரம்பும் என்பதையும், கம்பியில் தண்ணீர் படாமல் காக்கும் என்பதையும், வெள்ளத்தில் கல் சற்றே அசைந்தாலும் சுண்ணாம்புக் காரைபோல் வெடிக்காமல் நெகிழ்ந்து கொடுக்கும் என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். என் மகள் ஈரக் கல்லில் உள்ளங்கையைப் பதித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் இங்கிருந்து பிரிந்துதான் கோபி வட்டார வயல்களை நெல் விளையும் பூமியாக்கின என்பது அப்போது அவளுக்குத் தானாகவே புரிந்தது.

காலிங்கராயனுக்குக் கொடுத்த நேரம்தான் போதவில்லை. மதிய உணவுக்குப் பிறகு வெயிலில் வந்து சேர்ந்து, அரை மணி நேரத்தில் புறப்பட்டுவிட்டோம். அதிலும் பெரும்பகுதி, வாய்க்காலுக்குப் பாம்பு வழி காட்டிய கதைக்கே போயிற்று. கதை எனக்கும் பிடித்ததுதான். ஆனால் வாய்க்கால் ஏன் பாம்புபோல் வளைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பவானி காவிரியில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே தண்ணீரைத் திருப்பி, நொய்யல் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் கொண்டு செல்வதென்றால், மேட்டின் விளிம்பைப் பிடித்தே போக வேண்டும். நேராக வெட்டியிருந்தால் தண்ணீர் விரைவில் தாழ்ந்துபோய், வயலுக்கு ஏறியிருக்காது. 1283-இல் முடிந்ததாகக் கருதப்படும் இந்த வாய்க்காலில்தான் இன்றும் நம் மஞ்சள் வயல்கள் நனைகின்றன. இதை அவர்களிடமே சொன்னேன், வழிகாட்டி குறித்துக்கொண்டார்.

கொடிவேரிப் பகுதிக்காக மட்டுமே இந்த நடைக்குத் தயங்காமல் போகலாம். ஆற்றில் வெள்ளம் வந்தால் அங்கே அனுமதிக்க மாட்டார்கள் என்பதால், பதிவு செய்யும் முன் அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.