மத்லப் கர்ப்பிணிக்கு எந்தத் தண்ணீர்?

வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் அடிபம்பு நீரில் ஆர்சனிக் என்ற நச்சு அதிகம். கர்ப்பிணி அதைக் குடித்தால் நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்கும் போய்விடும். எலும்பு கட்டும் செல்கள் முதிர்வதை ஆர்சனிக் தடுப்பது ஆய்வகங்களில் தெரிந்திருக்கிறது. மத்லப்பில் சிசுக்களின் தொடை எலும்பை ஸ்கேனில் அளந்தபோது தெரிந்த பாதிப்பு பெரிதல்ல. பிறப்பு எடை குறைவதுதான் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் எலும்பாகப் போகிற குருத்தெலும்பு 6, 7 வாரங்களிலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது. பலருக்குக் கர்ப்பம் உறுதியாவதே அப்போதுதான். அதனால் மாற்று நீர் எவ்வளவு சீக்கிரம் கைக்கு வரும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பச்சை பம்பு முந்துகிறது. லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தால் பம்புக்குச் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை அடித்தார்கள். இன்றைக்கே குடத்தோடு போகலாம், செலவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10தான். பச்சையிலும் 40 இருக்கலாம். பெயிண்ட் உதிர்ந்த பம்பையும், சோதிக்காத புது பம்பையும் நம்பக்கூடாது. குடத்தை வீட்டில் வேறு யாராவது சுமக்க வேண்டும்.

நீரின் தரத்தில் 150 மீட்டருக்குக் கீழே இறங்கும் ஆழ்குழாய்க் கிணறுதான் முதலிடம். பெரும்பாலும் ஆர்சனிக் மிகக் குறைவு, கிருமித் தொல்லையும் குறைவு. ஒரு குடும்பம் தனியாகப் போட முடியாத செலவு என்பதால் அரசு போட்டால்தான் உண்டு. அது செல்வாக்குள்ளவர் முற்றத்தில் போய் உட்கார்ந்துகொள்வதும் நடக்கிறது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

சோனோ ஃபில்டர் என்பது மேலும் கீழுமாக இரண்டு வாளி. உள்ளே மணல், இரும்புத்துகள், செங்கல் சில்லு, கரி. வீட்டிலேயே நீர் கிடைக்கும், ஆர்சனிக்கும் நன்றாகக் குறையும். ஆனால் ஆர்சனிக்குக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. ஃபில்டர் வேலை செய்யாமல் போனாலும் சோதிக்காமல் தெரியாது. இதை மூன்றாவதாகத்தான் வைப்பேன்.

மழைநீர் நல்லது, ஆனால் குளிர்கால வறட்சியில் தொட்டி காலி. குளத்து நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆர்சனிக் நீரைக் கொதிக்க வைத்தால் ஆவி போய் ஆர்சனிக் இன்னும் செறிவாகும்.

சரி, என் தேர்வு: இன்றைக்குச் சோதித்த பச்சை பம்பு, ஆழ்குழாய் எட்டும் தூரத்தில் வந்ததும் அது. சோறும் பருப்பும் அதே நீரில் வேகட்டும். சிவப்பு பம்பு நீர் துணி துவைக்க இருக்கட்டும்.