விளக்கே போடாத வீட்டுக்கும் பில்: பிரிட்டனில் எந்த மின்கட்டணத் திட்டம் யாருக்கு?

2025 கோடை விடுமுறையில் ஆறு வாரம் மதுரைக்குப் போயிருந்தோம். கிளம்புவதற்கு முன் ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன். லண்டன் திரும்பிப் பார்த்தால், ஒரு யூனிட்கூட ஓடாத அந்த நாட்களுக்கும் மின் கணக்கில் பற்று எழுதியிருந்தார்கள். தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது, “ஆளே இல்லாத வீட்டுக்கு எதற்கடா கரண்டு பில்?” என்றார். எனக்கும் முதல் வருடத்தில் இதே கேள்விதான் இருந்தது.

தமிழ்நாட்டுப் பழக்கத்தோடு இங்கே வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இயல்பானது. அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருவார்கள். 2025 நிலவரப்படி முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் செலவு கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிவிடக் கூடாது என்று கணக்கெடுக்கும் நாள் நெருங்கும்போது ஏசியை அணைக்கும் வீடுகள் எத்தனையோ. குறைவாகச் செலவழிப்பவருக்குச் சலுகை, தாராளமாகச் செலவழிப்பவருக்குச் சுமை என்பது அந்தக் கணக்கின் அடிப்படை.

பிரிட்டன் கணக்கு இதற்கு நேர்த்தலைகீழ். வீட்டில் விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் தினமும் ஒரு நிலைக்கட்டணம் உண்டு. எரிந்த யூனிட்டுக்குத் தனிக் கட்டணம். 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கு ஒழுங்குமுறை ஆணையம் விதித்த விலை உச்சவரம்பின்படி, டைரக்ட் டெபிட்டில் கட்டுபவருக்குச் சராசரியாக யூனிட்டுக்கு 25.73 பென்ஸ், நாளொன்றுக்கு 51.37 பென்ஸ் நிலைக்கட்டணம். 5 சதவீத வரியும் இதற்குள் அடக்கம்.

நாளுக்கு அரைப் பவுண்டுதானே என்று தோன்றும். 365 நாளுக்குப் பெருக்கினால் 187 பவுண்டு 50 பென்ஸ். இதே விலை ஆண்டு முழுவதும் நீடிப்பதாக வைத்துக்கொண்டு மூன்று வீடுகளைப் பார்ப்போம். தனியாக வாழும் ஒருவர் ஆண்டுக்கு 900 யூனிட் செலவழித்தால் மொத்தம் 419 பவுண்டு. அவருக்கு ஒரு யூனிட் உண்மையில் 46.6 பென்ஸ் ஆகிறது. சராசரி வீட்டின் அளவான 2,700 யூனிட் என்றால் 882 பவுண்டு, யூனிட்டுக்கு 32.7 பென்ஸ். 5,000 யூனிட் செலவழிக்கும் பெரிய வீட்டுக்கு 29.5 பென்ஸ்தான். சிக்கனமாக இருப்பவருக்குத்தான் யூனிட் விலை அதிகம். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் திட்டம் தேர்ந்தெடுக்க உட்காரும்போது கோபம் உதவாது, கால்குலேட்டர்தான் உதவும்.

நிலைக்கட்டணம் எப்போதும் இவ்வளவு இருந்ததில்லை. 2022 ஏப்ரலில்தான் நாளுக்குச் சுமார் 25 பென்ஸிலிருந்து 45 பென்ஸுக்குத் தாவியது. 2021-22 எரிவாயு நெருக்கடியில் வரிசையாகத் திவாலான மின் நிறுவனங்களின் வாடிக்கையாளர்களை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிய செலவு எல்லோர் தலையிலும் விழுந்தது. கம்பி, கோபுரம், துணை மின்நிலையம் ஆகியவற்றுக்கான பராமரிப்புச் செலவில் பெரும்பகுதியை யூனிட் விலையிலிருந்து எடுத்து நிலைக்கட்டணத்துக்கு மாற்றியதும் அதே காலத்தில்தான். இடத்துக்கு இடமும் வேறுபாடு உண்டு. நாட்டை 14 விநியோகப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். லண்டனில் நிலைக்கட்டணம் குறைவு. வட வேல்ஸ், மெர்ஸிசைடு பகுதியில் மிக அதிகம். ஒரே நிறுவனம், ஒரே திட்டம்தான். ஆனாலும் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் நண்பர் சொல்லும் விலை மெர்ஸிசைடின் லிவர்பூலில் இருப்பவருக்குக் கிடைக்காது.

மாறும் விலையா, பூட்டிய விலையா?

எதையும் தேர்ந்தெடுக்காமல் சும்மா இருந்தால் நீங்கள் இருப்பது மாறும் விலைத் திட்டத்தில். புது வீடு வாங்கிக் குடியேறும் எல்லோரும் முதலில் இங்கேதான் விழுவார்கள். இதற்கு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் உச்சவரம்பு விதிக்கிறது. 2019 ஜனவரியில் தொடங்கிய ஏற்பாடு இது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் விலை மாறுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2025 ஜூலையில் ‘உச்சவரம்பு 1,720 பவுண்டு’ என்று செய்தி வந்தது. அதற்குமேல் பில்லே வராது என்று நினைத்து, குளிர்காலம் முழுவதும் மின் ஹீட்டரை ஓடவிட்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அந்த 1,720 என்பது, 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் எரிவாயுவும் செலவழிக்கும் ஒரு கற்பனை வீட்டின் ஆண்டுக் கணக்கு. வரம்பு யூனிட் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும்தான். மொத்தத் தொகைக்கு எந்த வரம்பும் இல்லை.

பூட்டிய விலைத் திட்டத்தில் 12 மாதமோ 24 மாதமோ விலை மாறாது. இதிலும் பூட்டப்படுவது விலைதான், பில் அல்ல. நடுவில் விலகினால் பெரும்பாலும் அபராதம் உண்டு. ஆனால் ஒப்பந்தம் முடியக் கடைசி 49 நாள் இருக்கும்போது அபராதமின்றி மாறலாம் என்பது விதி. இதை மின் நிறுவனங்கள் கொட்டை எழுத்தில் சொல்வதில்லை.

என் சாய்வு பூட்டிய விலைப் பக்கம். 2022 அக்டோபரில் அரசு தலையிட்டு, சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 2,500 பவுண்டு என்ற அளவில் விலையை நிறுத்த வேண்டியிருந்தது. 2023 ஜனவரிக்கான உச்சவரம்போ 4,279 பவுண்டு. நெருக்கடிக்கு முன்பே விலையைப் பூட்டியிருந்தவர்கள் அந்தக் குளிர்காலத்தைக் கவலையின்றிக் கடந்தார்கள். வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவனுக்கு, மாதம் பத்து பவுண்டு மிச்சத்தைவிட அடுத்த மாதம் என்ன வரும் என்று தெரிந்திருப்பது பெரிது. ஆறு மாதத்தில் வீட்டை விற்கும் எண்ணம் இருப்பவருக்கு இது பொருந்தாது.

பூட்டிய விலைத் திட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது நிலைக்கட்டணம் மறுபடி வேலையைக் காட்டும். ஒரு நிறுவனம் யூனிட்டுக்கு 24 பென்ஸ், நாளுக்கு 62 பென்ஸ் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று யூனிட்டுக்கு 26, நாளுக்கு 42 என்கிறது. விளம்பரத்தில் முதலாவதின் 24தான் கொட்டை எழுத்தில் இருக்கும். இரண்டையும் எடைபோட ஒரே ஒரு வகுத்தல் போதும். நிலைக்கட்டண வித்தியாசம் 20 பென்ஸ். யூனிட் விலை வித்தியாசம் 2 பென்ஸ். 20-ஐ 2-ஆல் வகுத்தால் 10. ஒரு நாளைக்கு 10 யூனிட்டுக்குக் குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கு இரண்டாவதே மலிவு. அதற்குமேல் போனால் முதலாவது. சராசரி வீட்டின் செலவு நாளுக்கு ஏழரை யூனிட்டுக்கும் குறைவு என்பதால், மலிவு என்று விளம்பரம் செய்யப்படும் முதலாவது திட்டம் பலருக்கு நட்டம்தான்.

நிலைக்கட்டணமே இல்லாத திட்டங்கள்

பெயரைக் கேட்டவுடன் அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதுபோல் இருக்கும். சில நிறுவனங்கள் இப்படித் தந்திருக்கின்றன. இதில் ஒரு வகை, தினமும் முதல் இரண்டு யூனிட்டுக்குக் கூடுதல் விலை வைப்பது. 51 பென்ஸை அந்த இரண்டு யூனிட்டில் ஏற்றினால் ஒவ்வொன்றும் 51 பென்ஸுக்கு மேல் ஆகிவிடும். ஆட்கள் வாழும் வீட்டில் ஃபிரிட்ஜும் கெட்டிலும் வாஷிங் மெஷினுமே நாளுக்கு இரண்டு யூனிட்டைத் தின்றுவிடும். ஆகவே நிலைக்கட்டணம் போகவில்லை, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

இன்னொரு வகையில் எல்லா யூனிட்டுக்கும் சீராக விலை கூடும். உதாரணத்துக்கு 36 பென்ஸ் என்றால், மேலே சொன்ன வகுத்தல்படி நாளுக்கு ஐந்து யூனிட்தான் எல்லை. அதற்குக் கீழே இருப்பவருக்கு லாபம். வாடகைக்கு ஆள் வராமல் பூட்டிக் கிடக்கும் வீடு, ஆண்டில் நான்கு மாதம் ஊரில் இருக்கும் ஓய்வுபெற்றவர்கள், தனியாக வாழும் முதியவர் ஆகியோர் இதைத் தேடிப் பார்க்கலாம். நால்வர் வாழும் வீட்டுக்கு வேண்டாம்.

பகலும் இரவும்: எக்கானமி 7

1978-இல் வந்த திட்டம். இரவில் ஏழு மணிநேரம் மலிவு, பகலில் வழக்கத்தைவிட விலை கூடுதல். இரவில் செங்கல்லைச் சூடேற்றி, பகலில் அந்தச் சூட்டை வெளிவிடும் ஸ்டோரேஜ் ஹீட்டர்களுக்காகவே பிறந்தது. எரிவாயு இணைப்பு இல்லாத அடுக்குமாடி வீடுகளில் இன்னும் காணலாம். பழைய மீட்டர்கள் பலவற்றுக்கு இரவு எப்போது தொடங்குகிறது என்று சொன்னது எது தெரியுமா? பிபிசி ரேடியோ 4-இன் நெடு அலை ஒலிபரப்பில் மறைந்து வந்த ஒரு சமிக்ஞை. வானொலி கேட்கும் மீட்டர்! அந்தச் சேவையை 2025 ஜூன் 30 முதல் படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள்.

பகலில் 31, இரவில் 15 பென்ஸ் என்று ஒரு கணக்குப் போட்டால், மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்காவது இரவில் ஓடினால்தான் நாள் முழுவதும் ஒரே விலையான 25.73 பென்ஸோடு சமமாகும். கேட்கச் சுலபம். ஆனால் ஏழு மணிநேரம் என்பது ஒரு நாளில் 29 சதவீதம்தான். அதுவும் நாம் தூங்கும் நேரம். ஸ்டோரேஜ் ஹீட்டரோ இரவில் சூடாகும் தண்ணீர்த் தொட்டியோ இல்லாத வீடு இந்த மூன்றில் ஒரு பங்கை எட்டுவது கடினம். பழைய வீடு வாங்குகிறவர்கள், முந்தைய உரிமையாளர் விட்டுப்போன எக்கானமி 7 மீட்டரோடு மாட்டிக்கொள்வது இங்கே அடிக்கடி நடக்கிறது.

இன்னும் ஒன்று. பல மீட்டர்கள் கோடை நேர மாற்றத்தைக் கண்டுகொள்ளாது. கோடையில் உங்கள் மலிவு நேரம் ஒரு மணிநேரம் தள்ளிப் போயிருக்கும். நீங்கள் பழைய நேரத்துக்கே துணி துவைத்துக்கொண்டிருப்பீர்கள். என் உறவினர் வீட்டில் இதைவிட மோசம்: பகல் எண்ணும் இரவு எண்ணும் இடம்மாறிப் பதிவாகியிருந்தன. காலையிலும் படுக்கும் முன்பும் இரண்டு எண்களையும் ஒரு வாரம் எழுதிவைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

அரைமணிக்கு ஒரு விலை

ஸ்மார்ட் மீட்டர் வைத்திருந்தால் ஆக்டோபஸ் நிறுவனத்தின் அஜைல் போன்ற திட்டங்களில் சேரலாம். மொத்தச் சந்தை விலையை ஒட்டி, ஒவ்வொரு அரைமணி நேரத்துக்கும் ஒரு விலை. நாளைய விலைப் பட்டியல் இன்று மாலையே வந்துவிடும். காற்று பலமாக வீசும் நாளில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போய், மின்சாரம் எடுத்ததற்காக உங்களுக்கே பணம் வரும் நேரமும் உண்டு. மறுபுறம், யூனிட்டுக்கு ஒரு பவுண்டு வரை ஏறவும் அத்திட்டத்தில் இடமிருக்கிறது. மாலை 4 முதல் 7 வரைதான் விலை உச்சியில் இருக்கும்.

நம் சமையலறை விழித்துக்கொள்வதும் அந்த மூன்று மணிநேரத்தில்தானே? பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் தோசைக்கல் காய வேண்டும், குக்கர் கத்த வேண்டும். மின் அடுப்பு இருக்கும் தமிழ் வீட்டுக்கு அஜைல் ஓர் ஒழுக்கப் பயிற்சி. மாவரைப்பதை நள்ளிரவுக்குத் தள்ளலாம் என்று நானும் திட்டம் போட்டேன். கிரைண்டர் சத்தம் ஒட்டுச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும் என்று மனைவி நினைவூட்டியதோடு அந்தத் திட்டம் முடிந்தது. வீட்டில் மின்கலம் வைத்திருப்பவர்களுக்கும், பகலில் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு விலைப் பட்டியல் பார்ப்பதை விளையாட்டாக ரசிப்பவர்களுக்கும் இது நல்ல திட்டம்.

மின்சாரக் கார் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இரவு 11.30 முதல் அதிகாலை 5.30 வரை யூனிட்டுக்குச் சுமார் 7 பென்ஸ் என்ற அளவில் 2025-இல் கார்களுக்கென்றே திட்டங்கள் இருந்தன. ஆண்டுக்கு 7,000 மைல் ஓட்டினால் ஏறத்தாழ 2,000 யூனிட். 515 பவுண்டு ஆக வேண்டியது 140-இல் முடியும். பகல் விலை சற்றுக் கூடினாலும் கவலையில்லை.

எந்தத் திட்டமானாலும் மாதம் ஒருமுறை மீட்டர் எண்ணைப் படம்பிடித்து வையுங்கள். ஊரில் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார்களே, அந்த வேலையை இங்கே நாமே செய்ய வேண்டும். நிறுவனம் தன் தவறால் பில் போட மறந்துவிட்டு, 12 மாதத்துக்கு முந்தைய பாக்கியை இப்போது கேட்டால் கட்ட வேண்டியதில்லை. 2018 முதல் விதி அப்படி.

கார் இல்லாத எங்கள் வீட்டில் இப்போது 12 மாதப் பூட்டிய விலை. நிலைக்கட்டணம் குறைவான திட்டமாகப் பார்த்துத்தான் எடுத்தேன். கடைசி 49 நாள் தொடங்கும் தேதியைச் சமையலறை நாட்காட்டியில், அமாவாசைக்குப் பக்கத்துக் கட்டத்தில், வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.