வேலை பார்த்துக்கொண்டே பிஎஸ்என்: எந்த ஆன்லைன் படிப்புக்குப் பணம் கட்டலாம்?

அமெரிக்காவில் ஆர்என்னாக (உரிமம் பெற்ற நர்ஸாக) வேலை பார்த்துக்கொண்டு, கையில் ஏடிஎன் (இளங்கலைக்குக் கீழான நர்சிங் பட்டம்) அல்லது டிப்ளமோ மட்டும் வைத்திருந்து, பிஎஸ்என் என்ற நர்சிங் இளங்கலைப் பட்டம் வாங்க நினைக்கும் நர்ஸ்களுக்காக இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து மணி நேரம் தவறாமல் ஒதுக்க முடியும், பொதுப்பாடங்களும் ஏற்கெனவே முடிந்துவிட்டன என்றால், வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டி மாதிரி ஒரு டெர்முக்கு (படிப்புப் பருவத்துக்கு) இவ்வளவு என்று மொத்தமாக வாங்கும் இடத்தில் சேருங்கள், அதைவிட மலிவாக ஒரு நல்ல பிஎஸ்என் கிடைப்பது கஷ்டம். அப்படியில்லாமல் இந்த மாதம் ஓவர்டைம், அடுத்த மாதம் பிள்ளைக்குப் பரீட்சை, அதற்கடுத்த மாதம் ஊரிலிருந்து அம்மா வருகிறார் என்று போகும் வாழ்க்கை என்றால், படிக்கும் பாடத்துக்கு மட்டும் காசு வாங்கும் அரசுப் பல்கலைக்கழகம்தான் உங்களுக்கு மலிவு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகம் நடத்தும் ஆன்லைன் படிப்பு அந்த வகையில் நல்ல பெயர் எடுத்த ஒன்று. விளம்பரங்களில் வரும் 'ஒரே வருடத்தில் பட்டம்' என்ற வரியை வைத்து மட்டும் தயவுசெய்து முடிவெடுக்காதீர்கள். அந்த ஒரு வருடம் யாருக்கு என்பதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

இந்தப் பட்டம் தேவையா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகப் பதில். நியூயார்க் மாநிலத்தில் 2017 டிசம்பரில் வந்த சட்டப்படி, அதற்குப் பிறகு படிப்பில் சேர்ந்து ஆர்என் ஆகிறவர்கள் 10 ஆண்டுகளுக்குள் பிஎஸ்என் முடித்தாக வேண்டும். மேக்னட் என்ற நர்சிங் தர அங்கீகாரம் உள்ள மருத்துவமனைகளில் நர்ஸ் மேனேஜர் ஆக வேண்டுமென்றால் பிஎஸ்என்னோ அதற்கு மேலான நர்சிங் பட்டமோ கட்டாயம். 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா எய்க்கன் குழு வெளியிட்ட ஆய்வில், பிஎஸ்என் அல்லது அதற்கு மேல் படித்த நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக இருந்த மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. இன்று மருத்துவமனைகள் வேலைக்கு எடுக்கும்போதே பிஎஸ்என் கேட்பதன் பின்னணியில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏடிஎன் நர்ஸ் மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. இருபது வருடம் ஐசியூவில் நின்ற ஏடிஎன் அக்காக்களிடம்தான் நான் வேலையே கற்றுக்கொண்டேன். ஆனால் எச்.ஆர். கணினியில் அந்த இருபது வருடத்தைப் பதிய ஒரு கட்டமும் இல்லை.

சரி, பணத்துக்கு வருவோம், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். வெஸ்டர்ன் கவர்னர்ஸ் 1997-இல் மேற்கு மாநிலங்களின் ஆளுநர்கள் சேர்ந்து ஆரம்பித்த லாப நோக்கமற்ற பல்கலைக்கழகம். ஆறு மாதம் ஒரு டெர்ம், அதற்கு ஒரே கட்டணம், அந்த ஆறு மாதத்தில் நான்கு பாடம் முடித்தாலும் பதினான்கு பாடம் முடித்தாலும் தொகை மாறாது. கப்பெல்லா பல்கலைக்கழகத்தின் ஃப்ளெக்ஸ்பாத்தும் இதே எண்ணத்தில் ஓடுவதுதான், ஆனால் அங்கே 12 வாரத்துக்கு ஒருமுறை கட்டணம், ஒரே நேரத்தில் இரண்டு பாடத்துக்கு மேல் திறக்க முடியாது. கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு டெர்ம் 5,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே டெர்மில் முடிக்கிறவருக்கு மொத்தப் பட்டமும் 5,000. அதே படிப்பை மூன்று டெர்ம் இழுப்பவருக்கு 15,000. பக்கத்தில் கிரெடிட்டுக்கு (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) 300 டாலர் வாங்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் மிச்சமுள்ள 30 கிரெடிட்டுக்கு 9,000தான் ஆகும், எத்தனை வருடம் எடுத்துக்கொண்டாலும் அது பெரிதாக மாறப்போவதில்லை. ஆக மொத்தக் கட்டண முறையில் விலையை நிர்ணயிப்பது உங்கள் வேகம். நடுவில் ஒரு மாதம் புத்தகத்தைத் தொடாமல் விட்டால் அந்த மாதத்துக்கும் காசு போய்க்கொண்டுதான் இருக்கும்.

நான் படித்ததும் இப்படி மொத்தக் கட்டணம் வாங்கும் ஓர் இடத்தில்தான். இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு படித்தேன், எனக்கு ஒத்துவந்தது. காரணம் அங்கே வகுப்பு நேரம் என்று ஒன்று இல்லை. வாரா வாரம் விவாதப் பலகையில் இரண்டு பேருக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும் என்ற தொல்லையும் இல்லை. ஷிஃப்ட் இல்லாத நாட்களில் மொத்தமாக உட்கார்ந்து எழுதலாம், மூன்று இரவு தொடர்ந்து வேலை என்றால் அந்தப் பக்கமே போகாமல் இருக்கலாம். வழக்கமான ஆன்லைன் வகுப்பில் ஞாயிறு நள்ளிரவுக்குள் கட்டுரை ஏற்றியாக வேண்டும், அன்றைக்கு நீங்கள் வார்டில் நான்கு நோயாளிகளோடு ஓடிக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று, ஏற்கெனவே தெரிந்த விஷயத்துக்கு மாதக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை. நோயாளிப் பாதுகாப்பு, தலைமைப் பண்பு, தகவல் தொழில்நுட்பம் போன்ற பாடங்களில் பாதி நாம் தினமும் செய்வதுதான், மதிப்பீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு நகரலாம். நேரம் எடுத்தவை புள்ளியியலும் ஆராய்ச்சிப் பாடமும். அப்புறம் ஏபிஏ கையேட்டின் முறையில் மேற்கோள் போடுவது. 2019-இல் வந்த ஏழாம் பதிப்பைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அதை முதல் வாரத்திலேயே ஒழுங்காகப் பழகிக்கொண்டால் பிறகு கட்டுரைகள் திரும்பி வருவது பாதியாகக் குறையும்.

கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதும் தேர்வுகள் பற்றியும் ஒரு வார்த்தை. அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள், மேஜையில் எதுவும் இருக்கக் கூடாது, யாரும் உள்ளே வரக் கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்களுக்கு இது நிஜமான சிரமம். கட்டுரைகளும் திட்ட வேலைகளும் அதிகமாக இருக்கும் படிப்பு உங்களுக்கு எளிதா, தேர்வுகள் எளிதா என்று யோசித்து, எந்தப் பாடத்துக்கு எது என்று சேரும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

இப்போது வேகத்தை உண்மையில் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பிஎஸ்என் என்பது ஏறக்குறைய 120 கிரெடிட். உங்கள் பழைய டிரான்ஸ்கிரிப்டிலிருந்து (பாட மதிப்பெண் பட்டியலிலிருந்து) அதில் எத்தனையை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எல்லாம். 90 வரை எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு, ஆனால் 'வரை' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பாகவே இரண்டு மூன்று இடங்களுக்கு டிரான்ஸ்கிரிப்டை அனுப்பி, எந்தெந்தப் பாடம் மிச்சம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு கல்லூரியின் சேர்க்கை ஆலோசகர் என்னிடம் தினமும் போனில் பேசினார், 'எல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆகிவிடும், இன்றே சேருங்கள், தள்ளுபடி முடியப்போகிறது' என்றார், ஆனால் அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொன்னதும் அவர் பேச்சே மாறிவிட்டது. அதோடு அந்த இடத்தை விட்டேன்.

புள்ளியியல், வரலாறு, சமூகவியல் மாதிரி பொதுப்பாடங்கள் பாக்கி இருந்தால் அவற்றைப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் படிக்காதீர்கள். சோஃபியா போன்ற தளங்களில் மாதச் சந்தா கட்டி முடிக்கலாம், வெஸ்டர்ன் கவர்னர்ஸ் போன்ற இடங்கள் அதை ஏற்கின்றன. கிளெப் (வகுப்புக்குப் போகாமலே கிரெடிட் வாங்கித் தரும் தேர்வு) எழுதியும் தாண்டலாம், மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அமைப்பு அதற்கான பாடங்களை இலவசமாகத் தருகிறது, முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சரும் தருகிறது. ஆனால் நீங்கள் சேரப்போகும் இடம் ஏற்குமா என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும், எல்லாப் பல்கலைக்கழகமும் இவற்றை ஏற்பதில்லை.

ஊரில் ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து, அமெரிக்க உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் எழுதி இங்கே வந்த நம் ஆட்கள் நிறையப் பேர் 'என் டிப்ளமோவை யார் எடுப்பார்கள்' என்று ஒதுங்கியே இருக்கிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டாம். செல்லுபடியாகும் ஆர்என் உரிமம் இருந்தாலே ஒரு தொகுதி கிரெடிட்டை மொத்தமாகத் தரும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இந்திய டிரான்ஸ்கிரிப்டை டபிள்யூஇஎஸ் போன்ற நிறுவனத்திடம் பாடம் பாடமாக மதிப்பீடு செய்யச் சொல்வார்கள், ஊரிலுள்ள கல்லூரியிலிருந்து முத்திரையிட்ட உறையில் அனுப்ப வைப்பதற்குள் பொறுமை போய்விடும், அதனால் அந்த வேலையை முதலில் தொடங்குங்கள். உரிமம் வாங்கும்போது சிஜிஎஃப்என்எஸ் என்ற அமைப்பு செய்த மதிப்பீடு இருந்தால் அது போதுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அங்கீகாரத்தில் மட்டும் எந்தச் சமரசமும் செய்யாதீர்கள். நர்சிங் படிப்புக்கு சிசிஎன்இ அல்லது ஏசிஇஎன் என்ற நர்சிங் கல்வி அமைப்பின் அங்கீகாரம் இருக்க வேண்டும், பல்கலைக்கழகத்துக்குத் தனியாக நிறுவன அங்கீகாரம் இருக்க வேண்டும், இரண்டையும் அந்தந்த அமைப்பின் தளத்திலேயே தேடிப் பாருங்கள், கல்லூரியின் பக்கத்தில் போட்டிருக்கும் முத்திரையை நம்ப வேண்டாம். இது இல்லாத பட்டத்தோடு எம்எஸ்என் (நர்சிங் முதுகலை) படிக்கப் போனால் பல இடங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். 2023 ஜனவரியில் வெளியே வந்த ஆப்பரேஷன் நைட்டிங்கேல் வழக்கை மறந்திருக்க மாட்டீர்கள். ஃப்ளோரிடாவில் சில பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்களை விற்றிருந்தன, பல மாநில நர்சிங் வாரியங்கள் உரிமங்களை ரத்து செய்தன. படிக்காமலே பட்டம் என்று யாராவது சொன்னால் உங்கள் உரிமமே அதில் மாட்டும்.

வேலை இடத்தில் கிடைக்கும் உதவியை விட்டுவிடாதீர்கள். முதலாளி தரும் படிப்பு உதவியில் ஓர் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை உங்களுக்கு வருமான வரி கிடையாது. இது காலண்டர் ஆண்டுக் கணக்கு என்பதால், டிசம்பருக்கு முன் ஒரு தொகையும் ஜனவரிக்குப் பின் ஒரு தொகையும் கிடைக்கும்படி படிப்பை அமைத்துக்கொண்டால் இரண்டு ஆண்டு உதவியையும் பயன்படுத்தலாம். பணம் வாங்கினால் எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 'சி கிரேடு வாங்கினால்தான் பணம்' என்று விதி வைத்திருக்கும் மருத்துவமனைகளில், கிரேடே தராமல் தேர்ச்சி என்று மட்டும் போடும் பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்கிரிப்டை ஏற்பார்களா என்று எச்.ஆரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

அந்தக் கிரேடு விஷயம் இன்னும் ஓரிடத்தில் முக்கியம். வெஸ்டர்ன் கவர்னர்ஸில் தேர்ச்சி பெற்றால் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) 3.0-க்குச் சமம் என்று கணக்கு, எவ்வளவு நன்றாக எழுதினாலும் 4.0 காட்ட முடியாது. மேனேஜர் வேலைக்கோ சம்பள உயர்வுக்கோ இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சிஆர்என்ஏ (மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ்) ஆகும் ஆசை இருப்பவர்கள் வேறு இடம் பாருங்கள். 2022 முதல் அந்தப் படிப்பில் சேர்பவர்கள் எல்லோரும் முனைவர் நிலையில்தான் சேர முடியும், போட்டி கடுமை, ஜிபிஏவைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஆன்லைன் என்றால் களப்பணியே இல்லை என்று நினைக்கிறவர்களும் உண்டு. சிசிஎன்இ அங்கீகாரம் பெற்ற படிப்பில் ஏதாவது ஒரு வடிவில் நடைமுறை அனுபவம் இருந்தே ஆக வேண்டும், பெரும்பாலும் சமூகச் சுகாதாரப் பாடத்தோடு வரும். இடத்தையும் வழிகாட்டும் நர்ஸையும் அவர்கள் ஏற்பாடு செய்வார்களா, நீங்களே தேட வேண்டுமா என்பதுதான் கேள்வி. நீங்களே தேட வேண்டும் என்றால் முதல் நாளிலிருந்தே கேட்டு வையுங்கள், கடைசிப் பாடத்தில் இதற்காகக் காத்திருந்து இன்னொரு டெர்ம் கட்டணம் கட்டிய தோழிகள் எனக்கு உண்டு. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும்: பொதுச் சுகாதார நர்ஸ் சான்றிதழ் வேண்டுமென்றால் மேற்பார்வையில் 90 மணி நேரக் களப்பணி கேட்கிறார்கள், குழந்தைகள் மீதான வன்கொடுமை பற்றிய பயிற்சியும் தேவை. வெளிமாநில ஆன்லைன் படிப்பு எல்லாவற்றிலும் இது இருக்காது, கலிஃபோர்னியா வாரியத்தின் தேவையை அந்தப் படிப்பு நிறைவு செய்கிறதா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.