நாற்றம் எந்த ஓட்டையில்?

இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போய், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் மாடி பாத்ரூம் கதவைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. அம்மா கீழேயே இருப்பவர். நாங்கள் போனால்தான் மாடி திறக்கும். வேடிக்கை என்னவென்றால், பத்து நிமிஷம் உள்ளே நின்றபின் எனக்கே ஒன்றும் அடிக்கவில்லை. சாக்கடை வாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மூக்கை மரத்துப்போக வைத்துவிடும். வெளியே போய் வந்தால்தான் மறுபடி தெரியும்.

தரை ட்ராப், அதாவது தரையில் தண்ணீர் வடியும் ஓட்டைக்கு அடியில் இருக்கும் வளைவு, காய்ந்திருக்கும் என்று நினைத்தேன். அதில் இரண்டு அங்குலம் போலத் தண்ணீர் தேங்கி நின்றுதான் வாயுவை மறிக்கிறது. மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் ஆவியாகிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். கொஞ்சம் குறைந்தது. காலையில் பழையபடி.

அப்புறம் போனில் பதிவு செய்த சுத்தம் செய்கிற ஆட்கள் வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு, சீருடையோடு. ஆசிட்டை ஊற்றித் தேய்த்துவிட்டு, வாசலிலேயே நின்று ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னார்கள். போட்டேன். சாயங்காலம் நாற்றம் திரும்பிவிட்டது. அம்மா ப்ளீச்சிங் பவுடரோடு மாடியேறி வந்தார். ஆசிட் மிச்சமிருந்தால் அதோடு சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும், நல்லவேளை தடுத்தேன்.

அடுத்து வந்த இளம் பிளம்பர் கதவுக்கு உள்ளேகூட வரவில்லை. "தரையை உடைச்சுடலாம் சார்." அவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி.

கடைசியாக அம்மாவுக்குத் தெரிந்த பெரியவர், இரண்டு நாள் போக்குக் காட்டிவிட்டு வந்தார். ஸ்பேனரை வெளியே எடுக்கவே இல்லை. "எந்த ஓட்டைன்னு தெரியாம எதை உடைக்கிறது தம்பி?" என்றவர், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். வாடை ஏறியது. ஃபேன் காற்றை வெளியே இழுக்கும்போது, சரியாக மூடாத குழாய் வழியாகச் சாக்கடைக் காற்று உள்ளே வருகிறதாம். பிறகு தரை ட்ராப்பின்மேல் பிளாஸ்டிக் கவரை விரித்து ஓரமெல்லாம் டேப் ஒட்டினார். நாற்றம் குறையவில்லை, அப்போ அது இல்லை. டாய்லெட் க்ளோசெட் அடியில் சிமெண்ட் பூச்சை டார்ச் அடித்துப் பார்த்தார், விரிசல் இல்லை. வாஷ்பேசின் அடியில் இருந்த அலமாரியைத் திறந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

பேசினிலிருந்து வரும் நெளிவு ஹோஸ், சுவரில் இருந்த குழாய்க்குள் சும்மா செருகியிருந்தது. சுற்றிலும் விரல் நுழைகிற இடைவெளி. அதன் வழியாக ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது. பேசினுக்கு ட்ராப்பும் கிடையாது. பாட்டில் ட்ராப் ஒன்றை மாட்டி, இடைவெளியில் ரப்பர் வளையம் திணிக்க அரை மணி நேரம் ஆனது. அன்று ராத்திரி ஃபேன் ஓடியும் வாடை இல்லை.

கிளம்பும் முன் தரை ட்ராப்பில் தண்ணீர் நிரப்பி, மேலே கொஞ்சம் சமையல் எண்ணெய் விடச் சொன்னார். எண்ணெய் மிதந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது.

"பேசினை யாரு தம்பி இப்படி மாட்டினது?" என்று கேட்டார். போன தடவை, விமானத்துக்கு முந்தின நாள், "எப்படியாவது இன்னைக்கே முடிச்சுடுங்க" என்று ஆட்கள் தலைமேல் நின்றவன் நான்தான். அம்மா என்னைப் பார்த்தார். நான் டார்ச்சை அணைத்தேன்.