ஆஷ், மூங்கில், செயற்கை: சிங்கப்பூர் ஈரத்தில் எந்த ஹர்லி மட்டை தாங்கும்?

ஹர்லிங் அயர்லாந்தின் மட்டைப் பந்தாட்டம், ஹர்லி அதை ஆடும் மட்டை. அங்கே கவுன்டி (மாவட்டம் போன்ற பகுதி) அணிகளின் ஆட்டங்கள் ஜூலையோடு முடிந்ததும் களம் ஊர்க் கழகங்களின் கைக்கு வரும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பெரும்பாலான கவுன்டிகளில் கழகங்களுக்கிடையே ஹர்லிங் கோப்பைப் போட்டி நடக்கும். அங்கே ஞாயிறு பிற்பகல் 2 மணி ஆட்டம் நமக்கு இரவு 9 மணி. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள், அதன் பிறகு 10 மணி. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கத் தோதான நேரம். ஹாக்கியும் கிரிக்கெட்டும் ஆடிப் பழகியவர்கள் நாலு ஆட்டம் பார்த்தால் போதும், அந்த மட்டையைப் பிடித்துப் பார்க்கக் கை பரபரக்கும். இந்த மதிப்புரை அவர்களுக்குத்தான்.

கழகங்களின் கவுன்டிப் போட்டியில் அணிக்கு 15 பேர், ஆட்டம் 60 நிமிடம். யாருக்கும் சம்பளம் கிடையாது. கில்கென்னியின் பாலிஹேல் ஒரு சின்ன ஊர். அகில அயர்லாந்துக் கழகக் கோப்பையை 9 முறை வென்ற அந்த ஊர்க் கழகமும் ஒவ்வொரு முறையும் முதலில் கவுன்டிக் கோப்பையை வென்றுதான் மேலே போயிருக்கிறது. அந்த ஆட்டங்களில் மட்டை உடைவது சாதாரணம். உடைந்த கணத்தில் கோட்டுக்கு வெளியே நிற்பவர் மாற்று மட்டையோடு ஓடிவருவார். மறுநாள் பழுது பார்க்கப் பக்கத்து ஊரிலேயே மட்டைத் தச்சர் இருப்பார். சிங்கப்பூரில் இந்த இரண்டு வசதியும் இல்லை. விளையாட்டுக் கடைகளில் ஹர்லி பொதுவாகக் கிடைக்காது, கடல் தாண்டித்தான் வர வேண்டும். அதனால் அங்கே 'கைக்கு எப்படி இருக்கிறது' என்பது முதல் கேள்வி என்றால், இங்கே 'எத்தனை மாதம் தாங்கும், தாங்காதபோது எங்கே போகும்' என்பதுதான் முதல் கேள்வி. இந்த வரிசைப்படியே மூன்று வகையையும் எடை போடுகிறோம்.

முதலில் ஆஷ். ஐரிஷ் மொழியில் கமான் என்று அழைக்கப்படும் மட்டை காலங்காலமாக இந்த மரத்தில்தான் செய்யப்படுகிறது. மரத்தின் அடிப்பகுதியில், வேர் பிரியும் இடத்தில், இழை இயற்கையாகவே வளைந்து ஓடும். அந்த வளைவை அப்படியே அறுத்தெடுத்தால் கைப்பிடியிலிருந்து பாஸ் வரை இழை அறுபடாமல் வரும். (பாஸ் என்பது பந்தை அடிக்கும் தட்டையான அடிப்பகுதி. அகலம் 13 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, கோல்காப்பாளருக்கு மட்டும் விலக்கு.) ஆஷ் அடியை உள்வாங்கிக்கொள்ளும். பந்து சரியான இடத்தில் பட்டால் உள்ளங்கைக்கு ஒரு மெல்லிய துடிப்பு மட்டுமே வந்து சேரும். அந்த உணர்வை வேறு எந்தப் பொருளும் முழுதாகத் தருவதில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இழையை. குதிகால் போன்ற வளைவில் இழைக்கோடுகள் வளைவோடு சேர்ந்து திரும்ப வேண்டும். நேராக ஓடி விளிம்பில் வெளியேறினால் அந்த மட்டை அங்கேதான் பிளக்கும், அதுவும் முதல் மோதலிலேயே. கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வில்லோ மட்டையில் நெருக்கமான கோடுகளைத் தேடிப் பழகிய கண் இங்கே தவறான மட்டையைத் தேர்ந்தெடுத்துவிடும். ஆஷ் மரத்தில் ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கமும் துளைகள் நிறைந்தது, வலுவான பகுதி அதற்கு அடுத்து வளர்வது. வளையங்கள் மிக நெருங்கியிருந்தால் துளைப் பகுதியே மிகுந்திருக்கும், மரம் சொத்தையாக இருக்கும். ஓரளவு இடைவெளி விட்ட, சீரான கோடுகளே நல்லவை.

இனி நம் ஊர்ப் பிரச்சினை. மரம் சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தண்ணீரை வாங்கும், விடும். ஈரப்பதம் 55 விழுக்காடு உள்ள குளிரூட்டிய அறையில் பல வாரம் கிடந்த மட்டையில் சுமார் 10 விழுக்காடு நீர் இருக்கும். 80 விழுக்காட்டைத் தாண்டும் தாழ்வாரத்தில் அதே மட்டை 16 விழுக்காட்டுக்கு ஏறும். 550 கிராம் மட்டை என்றால் கூடும் எடை ஏறத்தாழ 30 கிராம். அது முழுக்கக் கீழே சேர்வதில்லை என்றாலும், நீளமான மட்டையைச் சுழற்றும் மணிக்கட்டுக்கு வித்தியாசம் தெரியும். எடையைவிட மோசமானது வீங்கிச் சுருங்குவது. பாஸின் நுனியைச் சுற்றி ஆணியடித்த தகரப் பட்டி இருக்கும், நுனி பிளக்காமல் காப்பது அதுதான். மரம் வீங்கும்போது பட்டி அழுந்தும், சுருங்கும்போது தளரும். இப்படிச் சில சுற்று போனால் ஆணித்தலை மேலெழும்பும். அந்தக் கூர்மை எதிராளியின் கையைக் கிழித்துவிடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் பட்டியின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். தட்டுப்பட்டால் சிறு சுத்தியலால் ஆணியை இறக்கி, மேலே துணி நாடா ஒட்டிய பிறகே களமிறங்குங்கள்.

வைக்கும் இடம் மட்டையின் ஆயுளையே மாற்றிவிடும். வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரில் காற்றோட்டம் குறைவு, ஒரே மாதத்தில் கைப்பிடியில் வெள்ளைப் பூசணம் பூக்கும். துணி துவைக்கும் பின்கட்டு அதைவிட ஈரம். கார் டிக்கி கொதிக்கும், மரம் அவசரமாகக் காய்ந்து வெடிப்பு விடும். கேமராவுக்கு வாங்கிய ஈரநீக்கிப் பெட்டியில் 86 செ.மீ. மட்டை நுழையாது. படுக்கையறை அலமாரியின் மேல் படுக்கப்போடுவதோ ஆணியில் தொங்கவிடுவதோதான் நல்லது. சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் கோணும். ஈர மட்டையை உறையில் போட்டு மூடவே கூடாது.

ஆளி விதை எண்ணெய் பூசலாமா என்று கிரிக்கெட் பழக்கத்தில் கேட்பார்கள். வார்னிஷ் அடிக்காத ஆஷுக்குப் பூசலாம். ஒரு தேக்கரண்டி அளவு பஞ்சுத் துணியில் எடுத்து, பாஸின் இரு முகத்திலும் விளிம்பிலும் மெல்லிசாகத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, இரண்டு நாள் படுக்கவைத்துக் காயவிட வேண்டும். கைப்பிடியில் பூசாதீர்கள், கிரிப் ஒட்டாது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடுவது ஆபத்து. அது காயும்போது வெப்பம் வெளியாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்த பிறகு போடுங்கள்.

ஆஷுக்கு எங்கள் மதிப்பெண் 5க்கு 3. அயர்லாந்தில் என்றால் 5. அங்கேயும் நல்ல மரம் குறைந்துவருகிறது. ஆஷ் மரங்களை வாட்டும் பூஞ்சை நோய் 2012இல் அயர்லாந்தில் கண்டறியப்பட்டது. இன்று மட்டைக்கான மரத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் அங்கே போகிறது.

அந்தத் தட்டுப்பாட்டின் பிள்ளைதான் மூங்கில் மட்டை. கிளேர் கவுன்டியின் சிக்ஸ்மைல்பிரிட்ஜில் உள்ள டார்பி பட்டறை 'பம்பூ' என்ற பெயரில் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறது. மூங்கிலைக் கீற்றுகளாகப் பிளந்து, பசையிட்டு அழுத்தி, பலகையாக்கி, அதிலிருந்து மட்டையை வெட்டும் முறை இது. சிலம்பக் கம்பைப் பிடித்த கைக்கு மூங்கிலின் குணத்தை விளக்க வேண்டியதில்லை: வளையும், சட்டென்று முறியாது. ஒட்டுப் பலகையின் பெரிய பலன் சீர்மை. ஆஷில் ஒரே தச்சர் செய்த இரண்டு மட்டைகூட எடையிலும் சமநிலையிலும் வேறுபடும், மூங்கிலில் அந்த வேறுபாடு குறைவு. மட்டையைக் கையில் பிடித்துப் பார்க்காமல் இணையத்தில் வாங்கும் நமக்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. போன முறை வாங்கிய 34 அங்குல மட்டைக்கும் அடுத்து வருவதற்கும் கை மறுபடி பழக வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. மூங்கிலும் ஈரம் வாங்கும். விளிம்பில் பூச்சு உரிந்த இடத்தில் நீர் இறங்கினால் ஒட்டுக்கோடு வழியாகத்தான் பிளவு தொடங்கும். நகத்தை விளிம்பில் ஓட்டும்போது மாட்டினால் உடனே மெல்லிய மணல்தாளால் தேய்த்து, பூச்சிட்டு மூடிவிடுங்கள். உங்கள் விருப்பத்துக்குக் கூடுதல் ஆணி அடிக்காதீர்கள், இழை நீளவாக்கில் வாய் பிளக்கும். ஆஷைப் போல இழைத்து மெலிதாக்குவதும் வேண்டாம். விலையும் கூடுதல். ஆனாலும் சிங்கப்பூரில் முதல் மட்டை வாங்குபவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். 5க்கு 4.

செயற்கை மட்டைகள் தண்ணீரைக் குடிப்பதில்லை, கோணுவதில்லை, பூசணம் பிடிப்பதில்லை. மழையில் போட்டுவிட்டு வந்தாலும் துடைத்துவிட்டு ஆடலாம். ஆனால் பந்து பாஸின் நடுவில் படாமல் நுனியில் பட்டால் கை விறுவிறுக்கும். தொடக்கக்காரருக்கு நடுவில் படுவதே அபூர்வம் என்பதால் இது சின்னக் குறை அல்ல. வடிவத்தை மாற்றவும் வழியில்லை. சுவரில் அடித்துப் பழக ஒன்று வைத்துக்கொள்ளலாம். 5க்கு 3.

எந்த வகையானாலும் நீளம் தப்பினால் பணம் வீண். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மட்டையின் நுனியைத் தரையில் ஊன்றினால் மேல் முனை மணிக்கட்டு எலும்புக்கு வர வேண்டும். 170 செ.மீ. உயரத்துக்கு 33 அல்லது 34 அங்குலம் சரியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் தயங்கினால் குட்டையானதை எடுங்கள், பந்தை அள்ளுவது எளிது. ஹாக்கி மட்டைக்கு ஒரு முகம்தான், ஹர்லிக்கு இரு முகமும் ஒன்றே, ஆகவே இடக்கை மாதிரி என்று தனியாகத் தேட வேண்டாம். பிடி மட்டும் தலைகீழ்: வலக்கைக்காரருக்கு வலக்கை மேலே இருக்கும். ஹாக்கியிலிருந்து வருபவர்களை முதல் சில வாரம் படுத்துவது இதுதான்.

கிரிப் இங்கே வியர்வையில் சீக்கிரம் வழவழப்பாகும். பளபளப்பு ஏறியதுமே மாற்றிவிடுங்கள். பழையதை உரித்து, பசையைத் துடைத்து, கைப்பிடியை ஒரு நாள் காயவிட்டு, மேல் முனையிலிருந்து கீழ்நோக்கிச் சுற்றுக்குச் சுற்று 2-3 மி.மீ. ஏறும்படி இழுத்துச் சுற்ற வேண்டும். ஈரமான மரத்தின் மேல் சுற்றினால் உள்ளேயே பூசணம் வரும்.

பந்தின் பெயர் ஸ்லிட்டர். பெரியவர்கள் ஆடுவது 69 முதல் 72 மி.மீ. விட்டமும் 110 முதல் 120 கிராம் எடையும் கொண்டது. மேலே தோல், தையல் ஓரம் வரப்பு போலத் தூக்கி நிற்கும். நம் ஊர் மதிய மழைக்குப் பிறகு புல்லில் உருண்டால் தோல் நீரை உறிஞ்சிக் கனக்கும், தையல் இளகும். மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். வெயிலிலோ முடி உலர்த்தும் கருவியிலோ காட்டினால் தோல் விறைத்து வெடிக்கும். மூன்று பந்தைச் சுழற்சியில் வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் ஓய்வு கிடைக்கும். சிறுவர்களுக்கும் புதியவர்களுக்கும் மென்மையான பயிற்சிப் பந்து தனியாக விற்கிறார்கள், முதல் மாதம் அதுவே போதும்.

பணம் குறைவாக இருந்தால் மட்டையில் குறையுங்கள், தலைக்கவசத்தில் குறைக்காதீர்கள். 2010 ஜனவரி 1 முதல் எல்லா வயதினருக்கும் முகக்கம்பியுடன் கூடிய தலைக்கவசம் கட்டாயம். அயர்லாந்தின் ஐ.எஸ். 355 தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கிரிக்கெட் தலைக்கவசம் மாற்றாகாது. கண்ணுக்கு மறைக்கிறது என்று முகக்கம்பியில் ஒன்றை வெட்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. வெட்டிய இடைவெளியில் மட்டையின் முனை நுழையும், அதற்குப் பிறகு அது காப்பு அல்ல. வியர்வை உப்பு முகக்கம்பியின் திருகுகளில் துருவேற்றும், உள்மெத்தையை நாறவைக்கும். ஆட்டம் முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் மென்சோப்பு கலந்து துடைத்து நிழலில் காயவையுங்கள், பெட்ரோல், தின்னர் வேண்டாம். ஓட்டில் விரிசல் கண்டால் மாற்றியே ஆக வேண்டும்.

வரவழைக்கும் கணக்குக்கு வருவோம். கூரியர்கள் நிஜ எடையோடு கன எடையையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. ஒரு மட்டைக்கு 90க்கு 16க்கு 8 பெட்டி என்றால் 2.3 கிலோ. நான்கு மட்டைக்கு 90க்கு 20க்கு 15 என்றால் 5.4 கிலோ, அதாவது மட்டைக்கு 1.35 கிலோதான். நாலு பேர் சேர்ந்து வாங்கினால் அனுப்பும் செலவு மிச்சம். சிங்கப்பூரின் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. 400 வெள்ளி வரையிலான பொருளுக்குப் பதிவு பெற்ற வெளிநாட்டு விற்பனையாளர் பணம் கட்டும்போதே வாங்கிவிடுவார், அதற்கு மேல் போனால் இறக்குமதியின்போது கட்ட வேண்டும். அயர்லாந்தின் 23 விழுக்காடு வரியை ஏற்றுமதிக்கு நீக்கித் தருகிறார்களா என்று ஆர்டர் கொடுக்கும் முன்பே கேளுங்கள். யாராவது விமானத்தில் கொண்டுவந்தால் சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும், மட்டையைக் கைப்பையோடு உள்ளே விடமாட்டார்கள்.

பழகும் இடத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தாட்டத்துக்குத் தடை, ஸ்லிட்டர் சன்னலில் பட்டால் கண்ணாடி மிஞ்சாது. திடலைப் பதிவு செய்யும்போதே கடினப் பந்து ஆட்டம் என்று சொல்லி அனுமதி கேளுங்கள். முழு அளவு ஹர்லிங் களம் 130 முதல் 145 மீட்டர் நீளம், ரக்பி திடலிலும் அது அடங்காது. அதனால் ஏழு பேர், ஒன்பது பேர் ஆட்டமாகத் திட்டமிடுங்கள். மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் மட்டையைத் தோளில் சுமந்து நிற்காமல் கூரைக்கடியில் போய்விடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் பட்டியையும் ஆணியையும் இன்னொரு முறை விரலால் தடவிப் பார்க்கலாம்.